பதினோராம் எண் கிணறு

ஊர் பின்னால் மறைந்து வெகுநேரம் ஆகியும் நாங்கள் பேசாமல்தான் நடந்தோம். என் தோளில் பம்பு, கையில் பேட்டரி. எனக்கு முன்னால் என் தங்கை லோகா, தண்ணீர்ப் பாட்டில்கள் இருந்த ஐஸ் பெட்டியை வயிற்றோடு அணைத்தபடி போனாள். ரோட்டின் இரண்டு பக்கமும் உப்பளம். வெயில் மேலேயிருந்து அடித்தது போதாதென்று பாத்திகளிலிருந்தும் முகத்தில் அடித்தது. எங்களை ஏற்றிப்போக வேண்டிய ஆட்டோவைக் காணோம். ஓட்டுநர் செல்லத்துரையின் போன் அணைந்து கிடந்தது.

நான் தூத்துக்குடிக்கு வந்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது. வந்த வேலை, லோகாவை வீட்டுக்குக் கூட்டிப்போவது. எங்கள் வீடு மலேசியாவில், தெலுக் இந்தானில். லோகா பினாங்கில் ஒரு பல்கலைக்கழகத்தில் நிலத்தடி நீரைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். ஆராய்ச்சிக்கான கிணறுகள் மட்டும் இங்கே, இந்தக் கடற்கரையில். போனில் அவள் அழுததை அம்மா கேட்டுவிட்டார். "நீ சும்மாதானே சுத்திக்கிட்டு இருக்க, போய் அவள கூட்டிக்கிட்டு வா" என்று என்னிடம் சொல்லிவிட்டார்.

சும்மா சுற்றுகிறேன் என்பது முழுப் பொய் இல்லை. படிவம் இரண்டோடு, இங்கே கணக்கில் எட்டாம் வகுப்போடு, பள்ளிக்கூடத்தை விட்டேன். எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டினேன். சிங்கப்பூரில் கப்பலுக்கு அடியில் துரு சுரண்டினேன். கார் கழுவும் கடையில் மூன்று வருஷம் இருந்தேன். எதிலும் நிலைக்கவில்லை. நாள் முழுக்கத் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துச் சாக்கடையில் விட்டவன் நான். என் தங்கை ஒரு பாட்டில் தண்ணீரைக் குழந்தை மாதிரித் தூக்கிக்கொண்டு நடந்ததைப் பார்த்தபோது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"நம்பர் மறுபடி ஏறிடுச்சு, அண்ணே" என்றாள் திரும்பிப் பார்க்காமலே.

அவளிடம் ஒரு மீட்டர் இருக்கிறது. தண்ணீரில் விட்டால் ஓர் எண் காட்டும். உப்பு கூடக்கூட எண்ணும் கூடும். அன்று நாங்கள் போனது அவள் பட்டியலில் பதினோராம் கிணறு. ஒரு மீனவர் ஊரில் இருக்கிறது. ஊர்ப் பெயரை நான் எழுதப்போவதில்லை. ஏன் என்பது பின்னால் வரும். அந்தக் கிணற்றின் எண் ஒவ்வொரு மாதமும் ஏறிக்கொண்டே போகிறது என்பதுதான் அவளுடைய கஷ்டம். உப்பளத்துக்குப் பக்கத்தில் தண்ணீர் உப்பாக இருந்தால் அதில் என்ன அதிசயம் என்று கேட்டேன். கடலுக்கு இன்னும் அருகில் இருக்கும் கிணறுகளில்கூட எண் இதில் பாதிதானாம். அந்தக் கிணறுகளைத் தாண்டிக் குதித்து வந்து ஒரே ஒரு கிணற்றில் மட்டும் உப்பு எப்படி விழும் என்று அவள் கேட்டாள்.

செல்லத்துரை வந்து சேர்ந்தபோது என் தோள் மரத்துப்போயிருந்தது. பஞ்சர் என்றார். பஞ்சர் ஒட்டுகிறவர் கல்யாண வீட்டுக்குப் போய்விட்டாராம், அவரைத் தேடிக் கல்யாண வீட்டுக்குப் போனாராம், அங்கே இலை போட்டு உட்கார வைத்துவிட்டார்களாம். "எந்திரிச்சு வந்தா மரியாதையா இருக்காதுல்லா அண்ணாச்சி" என்று என்னிடம் நியாயம் கேட்டார். சரிதான் என்று எனக்கும் பட்டது. லோகா மட்டும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

அவள் தங்கியிருப்பது மில்லர்புரத்தில் ஒரு மாடி அறை. கீழே வீட்டுக்கார டீச்சர், நாசரேத்துக்காரர், பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஆராய்ச்சி மாணவி என்றால் கண்ணாடி அறை, வெள்ளைக் கோட்டு என்று நான் நினைத்திருந்தேன். இங்கே கட்டிலுக்கு அடியில் குழாய், ஜன்னலில் காயும் வடிகட்டித் தாள், குளியலறையில் கழுவிக் கவிழ்த்த பாட்டில்கள். தண்ணீர் மாதிரிகள் டீச்சர் வீட்டு ஃப்ரிட்ஜில், இட்லி மாவுக்கும் தக்காளிக்கும் நடுவில். ஊரிலிருந்து வந்த டீச்சரின் கொழுந்தனார் ஒரு தடவை ஆறாம் கிணற்றை எடுத்துப் பாதி குடித்துவிட்டாராம். "எங்க ஊர்த் தண்ணி மாதிரிதான் இருக்கு" என்று சொல்லிவிட்டு மூடியைப் பத்திரமாகத் திருகி வைத்தாராம். லோகா மறுபடி அந்த ஊருக்குப் போய் மறுபடி எடுத்து வந்திருக்கிறாள்.

இரவு புரோட்டா வாங்கி வந்தேன். எங்கள் ஊர் ரொட்டி சானாய்க்கு இது அண்ணன் முறை. இன்னும் மொறுமொறுப்பு, இன்னும் எண்ணெய். சால்னா மூக்கில் ஏறியது. லோகா ஒன்றைப் பிய்த்துப் போட்டு வைத்துக்கொண்டு மடிக்கணினியைத் திறந்தாள். அவளுடைய பேராசிரியர் திரையில் வந்தார். மலாய்க்கார அம்மா, கண்டிப்பான முகம். ஆங்கிலத்தில் ஏதேதோ பேசினார்கள். கடைசியில் அவர் மலாயில் கேட்டது எனக்கும் புரிந்தது.

"நீ அந்தக் கிணற்றுக்கு உண்மையிலேயே போகிறாயா, இல்லை அறையில் உட்கார்ந்து எழுதுகிறாயா?"

லோகா பிய்த்த புரோட்டாவைத் தள்ளி வைத்தாள். போகிறேன் என்றாள். அப்படியானால் இன்னொரு தடவை எடு என்றார் அவர். காரணம் தெரியாமல் இந்த எண்களை ஏற்க முடியாது. ஏற்காவிட்டால் உதவித்தொகை இத்தோடு நிற்கும்.

திரை அணைந்த பிறகு, அந்தக் கிணற்றை விட்டுவிட்டு மற்றதை மட்டும் கொடேன் என்றேன். "கடல் தண்ணி எவ்வளவு தூரம் உள்ள வந்திருக்குன்னு காட்டுறதே அந்த ஒரு கிணறுதான், அண்ணே. அது இல்லன்னா இத்தனை மாசம் நான் செஞ்சது ஒண்ணுமே இல்ல" என்றாள். அம்மா சொன்னதைச் சொல்ல இது நல்ல நேரம் என்று தோன்றியது. சொல்லவில்லை. மீதிப் புரோட்டாவை நானே தின்றேன்.

மறுநாள் மற்றக் கிணறுகள். எனக்கு அந்த நாள் முழுக்கக் குழப்பம். டவுன் பஸ்ஸில் ஏறியதும் கண்டக்டர் பம்புக்கும் டிக்கெட் எடுக்கச் சொன்னார். நான் எடுத்தேன். லோகா சண்டை போட்டு அதைத் திருப்பிக் கொடுத்தாள். கண்டக்டர் சிரித்தபடி, "உங்க வீட்டுக்காரர் பாவம் அப்பாவி" என்றார். அண்ணன் என்றேன். "அப்படியா, நல்லது" என்று வேறெங்கோ பார்த்துக்கொண்டார்.

ஒரு கிணறு ஆதிச்சநல்லூர்ப் பக்கம். ஆற்றுத் தண்ணீர் ஊறும் இடம் என்பதால் ஒப்பிட்டுப் பார்க்க அதை வைத்திருக்கிறாள். தோளில் குழாயைப் பார்த்ததும் டீக்கடையில் இருந்த பெரியவர், "பானை எடுக்க வந்தியளா?" என்றார். தண்ணீர் எடுக்க என்றேன். ஆயிரக்கணக்கான வருஷத்துப் பானைகளை விட்டுவிட்டுத் தண்ணீர் எடுக்க ஒருவன் கடல் தாண்டி வருவானா என்கிற பார்வை பார்த்தார். இன்னோர் ஊரில் எங்களை முத்து வியாபாரி என்று நினைத்து ஒருவர் ஓரமாகக் கூப்பிட்டார். முத்துக்குளிப்பு நின்று எவ்வளவோ காலம் ஆயிற்று, இப்போது சங்குதான் எடுக்கிறார்கள் என்று செல்லத்துரை பிறகு சொன்னார். அப்படியானால் அவர் என்னிடம் எதை விற்கப் பார்த்தார் என்பது இன்றுவரை தெரியாது.

இப்படிப் போன இடங்களில் எல்லாம் லோகாவின் வேலை ஒரே மாதிரி இருந்தது. கிணற்றில் குழாயை இறக்குவாள். பம்பை ஓடவிடுவாள். வரும் தண்ணீரை மண்ணில் கொட்டவிட்டு மீட்டரைப் பார்ப்பாள். எண் ஆடி ஆடி ஓர் இடத்தில் நிற்கும். நின்ற பிறகுதான் பாட்டிலில் பிடிப்பாள். முதலில் வருவது தேங்கிக் கிடந்த தண்ணீர், அது கணக்கில் சேராது என்றாள். கடற்கரை ஊர்களில் எனக்குக் கொடுத்த டீயெல்லாம் கரித்தது. ஒரு வீட்டில் பாலே திரிந்துவிட்டது. வேண்டாம் என்று சொல்லும் பழக்கம் எனக்கு இல்லாததால் எல்லாவற்றையும் குடித்தேன். லோகா எங்கேயும் ஒரு வாய் குடிக்கவில்லை. வந்த புதிதில் வயிறு கெட்டுப் படுத்ததிலிருந்து கேன் தண்ணீர்தான். கிணற்றுக்காரர்களிடம் எதையும் வாங்கக் கூடாது என்று பல்கலைக்கழகத்து விதியும் இருக்கிறதாம்.

நேற்று அந்த ஊரில் நீ பம்பை இறக்கவே இல்லையே, நான் சுமந்தது எதற்கு என்று கேட்டேன். பஸ்ஸை விட்டுச் செல்லத்துரையின் ஆட்டோவில் திரும்பிக்கொண்டிருந்தோம். குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

முதல் தடவை அந்த ஊருக்குப் போனபோது விதிப்படி பம்பை ஓடவிட்டிருக்கிறாள். சுற்றிலும் குடங்களோடு பெண்கள் வரிசையில் நின்றிருக்கிறார்கள். தண்ணீர் மண்ணில் ஓடியது. பிலோமினா என்கிற அக்கா வந்து குழாயைப் பிடுங்கிப் போட்டுவிட்டார். கடைசியில் ஓர் ஏற்பாடு. கிணற்றடியில் ஒரு சிமெண்டுத் தொட்டி உண்டு. இவள் முன்கூட்டியே போன் செய்தால் பெண்கள் தொட்டியில் தண்ணீர் இறைத்து வைப்பார்கள். அதிலிருந்து ஒரு பாட்டில் எடுத்துக்கொள்ளலாம். பேராசிரியரிடம் லோகா இதைச் சொல்லவில்லை. அதிகாரிகள் யாராவது கேட்டால் காட்டுவதற்காகப் பம்பை மட்டும் தவறாமல் தூக்கிப் போகிறாள்.

அன்று மாலை அவள் பிலோமினாவுக்குப் போன் செய்தாள். எதிர்முனையில் "மறுபடியுமா?" என்று சத்தமாகக் கேட்டது. பிறகு, சரி வா என்றார்.

காலையில் போனோம். தொட்டி நிறைந்திருந்தது. லோகா மீட்டரை விட்டாள். எண்ணைப் பார்த்தாள். எடுத்துத் துடைத்து மறுபடி விட்டாள். பிறகு தொட்டிக்குப் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். முந்தாநாள் இருந்ததைப் போல இரண்டு மடங்கு. இரண்டு நாளில் எந்தக் கடலும் இப்படி உள்ளே வராது, நான் பைத்தியம் ஆகிவிட்டேனா, மீட்டர் பைத்தியம் ஆகிவிட்டதா என்று கேட்டாள். பெண்கள் நாலைந்து பேர் தள்ளி நின்று பார்த்தார்கள். யாரும் கிட்டே வரவில்லை.

பிலோமினா என்னைப் பார்த்து, "நீ என்ன, அவளுக்கு எடுபிடியா? வந்து ஒரு வாய் காப்பி குடி" என்றார். உயரமான பெண். காலையில் உப்பளத்து வேலை, மாலையில் ஊர்ப் பெண்களின் சங்கம். வீட்டுக்காரர் சங்குக்குக் கடலில் குதிக்கிறவர். போனேன். வீட்டு வாசலில் வலை காய்ந்தது. மாதா படத்துக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். கருப்பட்டிக் காப்பி வந்தது.

குடித்தேன். நன்றாக இருந்தது. முந்தின நாள் முழுக்கக் கரித்த டீயாகக் குடித்தவனுக்கு அது பண்டிகை மாதிரி இருந்தது. இன்னொரு தம்ளர் கேட்டேன். அதைக் குடித்துக்கொண்டே, வேறெதுவும் நினைக்காமல், "அக்கா, இதுக்குத் தண்ணி எங்க வாங்குறீங்க?" என்று கேட்டுவைத்தேன்.

"எங்க வாங்கணும்? நம்ம கெணறுதான்" என்றார்.

சொன்ன பிறகுதான் வாயில் கையை வைத்தார். வாசலில் லோகா நின்றிருந்தாள். எப்போது எழுந்து வந்தாள் என்று தெரியவில்லை. உள்ளே வந்து, என் கையிலிருந்த தம்ளரை வாங்கி, மீதி இருந்த காப்பியைக் குடித்தாள். மூன்று மாதத்தில் அந்த ஊரில் அவள் குடித்த முதல் வாய் அது. தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "தொட்டியில என்னக்கா போட்டீங்க?" என்றாள்.

பிலோமினா குனிந்து தம்ளரை எடுத்தார்.

"உப்புதாம்ளா. வேறென்ன போடுவோம்."

பிறகு அவர் சொன்னதை இங்கே சுருக்கமாகச் சொல்கிறேன். பக்கத்து ஊர் ஒன்றுக்கு இதே போல் பாட்டிலும் மீட்டருமாக ஒருவன் வந்தான். தண்ணீர் நல்ல தண்ணீர் என்று எழுதிப்போனான். அடுத்த கோடைக்குள் அந்த ஊர்த் தோட்டம் ஒன்றில் ஆழ்துளை போட்டுத் தண்ணீர் லாரிகள் வரிசையில் நின்றன. இப்போது அந்த ஊர்ப் பெண்கள் இந்த ஊருக்குக் குடம் தூக்கி வருகிறார்கள். அதனால் லோகா போன் செய்யும் ஒவ்வொரு தடவையும் தொட்டியில் உப்பைக் கரைத்து வைத்தார்கள். உப்பளத்தில் வேலை, உப்புக்குப் பஞ்சமில்லை. தண்ணீர் ஆகாது என்று தெரிந்தால் இவள் வரமாட்டாள் என்பது அவர்கள் கணக்கு.

"மொதத்தடவ ரெண்டு செரட்ட போட்டோம். நீ திரும்ப வந்தே. பத்தல போலன்னு அடுத்த மாசம் கூட்டிப் போட்டோம். அப்பமும் வந்தே. முந்தாநாளு போட்டுட்டு, இனி வரமாட்டான்னு இவளுககிட்ட பந்தயமே கட்டினேன். ரெண்டே நாள்ல போன் போடுத. என்னதான் பொம்பள இவ, எவ்வளவு உப்புதான் கேப்பான்னு, இன்னைக்குக் கூடையோட கொட்டிட்டோம்."

லோகா சுவரில் சாய்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். எண் ஏறுவதால்தான் அவள் திரும்பத் திரும்ப வந்தாள். அவள் வந்ததால்தான் எண் ஏறியது. சிரித்துக்கொண்டே அழுதாள். உப்புப் போட்டதை விட அந்த அழுகை பிலோமினாவை அதிகம் சங்கடப்படுத்தியது. "ஏளா, அழாத, காப்பி குடி" என்றார். பக்கத்தில் நின்ற பெண் ஒருத்தி, "மூணு மாசமா வாரா, ஒரு வாய் தண்ணி குடிச்சதில்ல. எங்க தண்ணியத் தொடாதவ எங்க தண்ணிய எதுக்கு எடுத்துட்டுப் போறான்னு நெனச்சோம்" என்றாள். வயிறு, கேன் தண்ணீர், பல்கலைக்கழக விதி எல்லாவற்றையும் லோகா விளக்கினாள். விதியைப் பற்றிச் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை. வயிற்றைப் பற்றிச் சொன்னதை உடனே நம்பினார்கள்.

சாயங்காலம் மாதா கெபி முன்னால், அந்தச் சின்னக் கல்குகை மேடையில், பெண்கள் கூடினார்கள். சங்கதி இப்போது எளிதாகிவிட்டது, ஆனால் தீர்வு இல்லை. லோகாவுக்குக் கிணற்றின் உண்மையான எண் வேண்டும். இல்லாவிட்டால் படிப்பு போயிற்று. அந்த எண் வெளியே போனால் லாரி வரும் என்று இவர்களுக்குப் பயம். இரண்டு பக்கமும் சொன்னது எனக்குச் சரியாகவே பட்டது. அதனால்தான் தலை சுற்றியது.

"நீ எழுதுத புஸ்தகத்த யாரு படிப்பா?" என்று பிலோமினா கேட்டார்.

"நாலஞ்சு பேராசிரியருங்க" என்றாள் லோகா.

"லாரிக்காரன் படிப்பானா?"

"எங்க அண்ணனே படிக்க மாட்டாரு."

அதற்குச் சிரித்தார்கள். ஊர்ப் பெயர் போட மாட்டேன், வரைபடத்தில் புள்ளி வைக்க மாட்டேன், பதினொன்று என்ற எண் மட்டும்தான் இருக்கும் என்று லோகா சொன்னாள். நம்புகிறோம் என்று யாரும் சொல்லவில்லை. நம்பவில்லை என்றும் சொல்லவில்லை. ஒரு கிழவி, வெற்றிலையைத் துப்பிவிட்டு, பிள்ளை நாளைக்கு விமானம் ஏறிவிட்டால் யாரைப் பிடித்துக் கேட்பது என்றாள்.

பிலோமினா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இவன இங்கன விட்டுட்டுப் போ."

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். ஊர்க் கிணற்றுக்கு மோட்டார் போடுகிறவன் விசைப்படகுக்குப் போய்விட்டானாம். ஆள் இல்லாமல் பெண்களே முறை வைத்துப் போடுகிறார்களாம். "சம்பளம் கெடயாது. மூணு வேளையும் சாப்பாடு, கோயில் பண்டக அறையில படுக்க. உன் தங்கச்சி புஸ்தகம் முடியுத வரைக்கும் இருக்கணும். லாரி வந்துச்சின்னா மொதல்ல உன்னத்தான் மரத்துல கட்டுவோம்."

விளையாட்டாகச் சொல்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். தெரியவில்லை. லோகா என் காதருகே வந்து, எங்கள் ஊர்ப் பேச்சில், "வேணாம் லா, அண்ணே. அம்மாகிட்ட என்ன சொல்லுவ? என்னைக் கூட்டிட்டுப் போகத்தான வந்த?" என்றாள். அது அவளுக்குத் தெரியும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. யோசித்துப் பார்த்தேன். யோசனை எங்கும் போய்ச் சேரவில்லை. சாப்பாட்டில் மீன் உண்டா என்று மட்டும் கேட்டேன். இந்த ஊரில் அதைக் கேட்கிற முதல் ஆள் நீதான் என்றார் பிலோமினா.

அன்று இரவு லோகா தொட்டி, உப்பு எல்லாவற்றையும் மறைக்காமல் பேராசிரியருக்கு எழுதினாள். பதில் உடனே வந்தது. கிணற்றின் பழைய எண்கள் எல்லாம் தள்ளுபடி. விதிப்படி பம்பு ஓட்டி, நாளையிலிருந்து இன்னொரு பருவம் முழுக்க எடுத்தால் ஏற்பேன். கடைசியில் ஒரு வரி மலாயில் இருந்தது: உப்புப் போட்ட பெண்களை அடுத்த தடவை நானும் சந்திக்க வேண்டும். அதை லோகா பலமுறை படித்தாள். இன்னொரு பருவம் என்றால் எத்தனை மாதம் என்று நான் கேட்கவில்லை.

காலையில் கிணற்றடிக்குப் போனேன். வரிசை ஏற்கனவே நின்றது. மோட்டார் பெட்டியின் சாவியைப் பிலோமினா என் கையில் கொடுத்தார். லோகாவின் பம்பு அன்று ஓடவில்லை. ஊர் மோட்டாரிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவாகியிருந்தது. நான் சுவிட்சைத் தட்டினேன். ஓஸ் துள்ளியது. அதைப் பிடித்து முதல் குடத்தில் விட்டேன். எண் நிலைக்கும்வரை மண்ணில் போகவேண்டிய தண்ணீர் குடங்களில் போயிற்று. லோகா ஒவ்வொரு குடத்திலும் மீட்டரை விட்டுப் பார்த்தாள். எண் இறங்கியது. இன்னும் இறங்கியது. பெண்கள் அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்கள். எண் ஓரிடத்தில் நின்றபோது லோகா தலையைத் தூக்காமல் பாட்டிலை நீட்டினாள். அதில் பிடித்துக் கொடுத்தேன். நல்ல தண்ணீர்தான் போலிருக்கிறது. எந்த ஊர்த் தண்ணீர் என்று மட்டும் வெளியே சொல்லக் கூடாதென்று பேச்சு.

அதைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். குடம் வழிந்து என் காலடியில் தண்ணீர் ஓடியது.

"ஏலே மலேசியா" என்றார் வரிசையில் அடுத்து நின்ற பெண். "கொடம் நெறஞ்சு போச்சு. ஓஸ மாத்து."

மாற்றினேன்.